தரம் 10 பிள்ளைகளுக்கு மனநல ஆப்: இரவு பத்தரைக்கு யார் பதில் சொல்வது?

படுவான்கரை டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தினமும் குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கிற மிதவைப் படகு) ஏறி மண்டூர்ப் பக்கம் படிப்பிக்கப் போகிற ஆள். சுகாதாரமும் உடற்கல்வியும் என் பாடம். வழிகாட்டல் ஆலோசனையும் என் பொறுப்பு. ஆலோசனை அறை என்று ஒன்று தனியாக இல்லை. நூலகத்தின் மூலையில் இரண்டு புத்தக அலுமாரிகளை முதுகு திருப்பி வைத்து மறைத்திருக்கிறோம். உள்ளே ஒரு பிள்ளை அழுதால் வெளியே பேப்பர் வாசிக்கிற பிள்ளைக்குக் கேட்கும்.

போன மாதம் ஒரு ஆய்வுக் குழு வந்தது. தரம் 10 பிள்ளைகளுக்குக் கைபேசி ஆப் வழியாக மனநல ஆதரவு கொடுத்து, அது வேலை செய்கிறதா என்று பார்க்கப் போகிறார்களாம். ஆறு வாரம். வாரம் ஒரு பாடம்: மூச்சுப் பயிற்சி, நித்திரை, கோபம், ஒரு பெரிய பிரச்சினையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துப் பார்ப்பது. வாரம் ஒருமுறை பயிற்சி பெற்ற ஒருவர் கொழும்பில் இருந்து 15 நிமிடம் அழைத்துக் கதைப்பார். பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இப்போதே கொடுப்பார்கள், மறுபாதிக்கு ஆறு வாரம் கழித்து. அதிபர் என்னிடம் படிவத்தைத் தந்து, "நீங்க பாத்துச் சொல்லுங்க டீச்சர், நீங்க ஓமெண்டா நானும் ஓம்" என்றார்.

நான் ஓம் என்று சொல்லத்தான் ஆசைப்பட்டேன். நம்ம பக்கத்துப் பிள்ளைக்கு ஒரு மனநல வைத்தியரைப் பார்க்க ஒரு முழு நாள் போய்விடும். பஸ்ஸுக்குக் காசு வேண்டும், அம்மா அன்றைய கூலியை விட வேண்டும், கிளினிக் வரிசையில் நிற்கும்போது ஊர் ஆள் ஒருத்தராவது கண்டு "என்னத்துக்கு வந்த?" என்று கேட்பார். கைபேசிக்குள் ஒரு கதவு திறந்தால் அது பெரிய காரியம்.

ஆனால் கையொப்பம் வைக்கும் முன்னம் நானே பாவித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். பதினொரு இரவு பாவித்தேன். குரல் பதிவுகள் நன்றாக இருந்தன. மூச்சுப் பயிற்சி எனக்கே பிடித்தது. பிறகு கேள்வித்தாள் பகுதிக்கு வந்தேன். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று கேட்கிற ஒன்பது கேள்விகள். மனச்சோர்வை அளக்க ஆஸ்பத்திரிகளிலும் பாவிக்கிற பிஎச்கியூ-9 தான் அது. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லம் என்றோ தன்னைக் காயப்படுத்த வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்பது. ஒரு சனிக்கிழமை இரவு 10.40க்கு, சோதிப்பதற்காக மட்டும், அதற்கு "சில நாட்கள்" என்று புள்ளடி போட்டேன்.

திரையில் ஒரு சிவப்புக் கட்டம் வந்தது. ஒரு தொலைபேசி இலக்கம், "விரைவில் உங்களைத் தொடர்புகொள்வோம்" என்று ஒரு வரி. அவ்வளவுதான். நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழைப்பு வந்தது செவ்வாய்க்கிழமை பிற்பகல். நான் அப்போது தரம் 8 பிள்ளைகளோடு மைதானத்தில் நின்றேன்.

சனி இரவில் இருந்து செவ்வாய் பின்னேரம் வரை. அந்த இடைவெளியை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு கலங்குகிறது. குழுவிடம் சொன்னேன். "அது பரீட்சார்த்தக் கணக்கு, உண்மையான ஆய்வில் அப்படி நடக்காது" என்றார்கள். இருக்கலாம்.

இன்னொன்று, கைபேசி யாருடையது என்பது. என் தரம் 10 வகுப்பில் 31 பேர். கேட்டுப் பார்த்தேன். சொந்தக் கைபேசி 6 பேருக்கு. அம்மாவின் கைபேசி பாவிப்பவர்கள் 14 பேர். அப்பா, அண்ணன், மாமா என்று ஆம்பிளைகளுடையதைக் கேட்டு வாங்குபவர்கள் 6 பேர். மற்ற 5 வீட்டில் பட்டன் போன்தான். ஆப் தினமும் இரவு ஏழு மணிக்கு "இன்று உங்கள் மனம் எப்படி இருக்கிறது?" என்று பூட்டிய திரையிலேயே செய்தி காட்டுகிறது. அந்த நேரம் போன் அண்ணன் கையில் இருக்கும். சிக்னல் வேண்டும் என்றால் பல பிள்ளைகள் குளக்கட்டுக்கு ஏற வேண்டும். பொழுது பட்ட பிறகு பொம்பிளைப் பிள்ளை அங்கே போக ஒண்ணாது. மாரியில் யானைப் பயம் வேறு.

மொழியையும் சொல்ல வேண்டும். அந்த ஒன்பது கேள்விகளை நான்கு பிள்ளைகளுக்குக் கடதாசியில் எழுதிக் கொடுத்து, விளங்குதா என்று மட்டும் கேட்டேன். இரண்டாவது கேள்வியில் "கையறு நிலையில் இருப்பதாக உணர்ந்தீர்களா" என்று இருந்தது. ஒரு பிள்ளை சொல்லிச்சு: "மிஸ், கையறுநிலை எண்டா செத்தவங்கள நினைச்சுப் பாடுற பாட்டு. தமிழ்ப் பாடத்துல படிச்ச." பிள்ளை சொன்னது முழுச் சரி. அப்போ நீங்கள் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். "நெஞ்சுக்குள்ள பாரம்." "ஒரே யோசனை." "சோறு இறங்குதில்ல." "ஒண்டுக்கும் மனம் வருகுதில்ல." நாலு நிமிடத்தில் நாலும் வந்தது.

நான் ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பரில் எனக்குப் பதினாலு வயது. கடல் எங்கள் வீட்டையும் அம்மம்மாவையும் கொண்டு போனது. ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு மாதம் இருந்தோம். அங்கே மூன்று முறை வேறு வேறு ஆட்கள் படிவத்தோடு வந்தார்கள். கெட்ட கனவு வருகிறதா, திடுக்கிடுகிறாயா, சாப்பிடுகிறாயா. மூன்றாவது முறை நான் எல்லாவற்றுக்கும் "ஒருபோதும் இல்லை" என்று புள்ளடி போட்டேன். பகல் சாப்பாட்டு வரிசை வெளியே நீண்டுகொண்டிருந்தது. அந்தப் படிவத்தோடு போன யாரும் திரும்பி வரவில்லை. எங்கோ ஓர் அறிக்கையில் நான் ஒரு நலமான பிள்ளையாக இருப்பேன்.

அனுபவம் உள்ளவர்களிடம் கேட்கிறேன். இப்படி ஒரு சோதனைக்கு ஓம் சொல்லும் முன் ஒரு பாடசாலை எதை எதைக் கேட்டு வாங்க வேண்டும்? வேண்டாம் என்று சொல்வதும் பிள்ளைகளுக்குச் செய்கிற பிழையாகிவிடுமா?

வெள்ளைத் தொப்பி:

டீச்சர், நான் அம்பாறை மாவட்டத்தில் ஒரு ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் தாதியாக இருக்கிறேன். பதினாறு வருடச் சேவை.

நீங்கள் சனி இரவு செய்த சோதனைதான் அந்த ஆப்புக்கு நடந்த முதல் சரியான சோதனை. அதை எழுத்தில் கொடுங்கள், திகதி நேரத்தோடு.

முதலில் ஒரு பயத்தை எடுத்துவிடுகிறேன். இந்தக் கேள்வியைக் கேட்டால் பிள்ளை மனதில் இல்லாத எண்ணம் புகுந்துவிடும் என்று உங்கள் அதிபரோ பெற்றோரோ சொல்லக்கூடும். 2005 இல் நியூயோர்க் மாநிலத்தில் 2,342 மாணவர்களை வைத்து இதைப் பார்த்திருக்கிறார்கள். கேட்கப்பட்ட பிள்ளைகளுக்கு எண்ணமோ துயரமோ கூடவில்லை. ஏற்கெனவே பாரத்தோடு இருந்த பிள்ளைகளுக்கு அது கொஞ்சம் இலேசாகக்கூட இருந்தது. ஆகவே கேட்பதில் பிழை இல்லை. கேட்டுவிட்டுப் போய்விடுவதுதான் பிழை.

எங்கள் பிரிவில் நடைமுறை இதுதான். ஒன்பதாவது கேள்விக்கு பூச்சியத்தை, அதாவது "ஒருபோதும் இல்லை" என்பதை, தவிர எந்தப் பதில் வந்தாலும் அதே இருக்கையில் ஒரு மனிதர் பிள்ளையோடு கதைக்க வேண்டும். மொத்தப் புள்ளி எவ்வளவு என்று அப்போது பார்க்கக் கூடாது. எண்ணம் மட்டுமா, எப்படி என்று யோசித்துவிட்டதா, முன்னம் ஏதும் நடந்ததா, இன்றிரவு யாரோடு இருக்கப் போகிறது, இவ்வளவையும் கேட்க வேண்டும். பிறகு வீட்டாரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். நம்ம பக்கம் வேளாண்மை செய்கிற வீடுகள். வயலுக்கு அடிக்கிற மருந்து கட்டிலுக்குக் கீழே கிடக்கும். அதைப் பூட்டி வையுங்கள், சாவியைப் பெரியவர் வைத்திருங்கள் என்று நான் ஒவ்வொரு தாயிடமும் சொல்வேன். இலங்கையில் 1995 இல் உச்சத்தில் இருந்த தற்கொலை வீதம் பின்னாளில் பாதிக்கும் கீழே இறங்கியதற்கு, கொடிய கிருமிநாசினிகளைத் தடை செய்தது மிகப் பெரிய காரணம். கைக்கு எட்டாமல் வைப்பது அவ்வளவு வேலை செய்யும். கொழும்பில் இருந்து ஒரு ஆப் வந்து கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்க்காது டீச்சர். அதற்கு ஊரில் ஒரு ஆள் வேண்டும்.

அதனால் குழுவிடம் கேளுங்கள்: சிவப்புக் கட்டம் வந்தால் முதல் ஒரு மணித்தியாலத்தில் யார் அழைப்பார்? அவர் கிடைக்காவிட்டால் அடுத்தவர் யார்? சனி, ஞாயிறு, போயா, தைப்பொங்கல் நாளில் யார்? ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்த பிள்ளையை எந்த வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள், அந்த வைத்தியசாலைக்கு இது தெரியுமா? எங்கள் கிளினிக்குக்கு இப்படி ஆய்வு முடிந்த பிறகு கடிதம் இல்லாமல் பிள்ளைகள் வந்ததுண்டு. எந்தக் கேள்விக்கு என்ன சொன்னது என்று அந்தப் பிள்ளை மறுபடி முதலில் இருந்து சொல்ல வேண்டியதாகப் போயிற்று.

தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இரவிலும் இயங்குகிறது. சிறுவர் உதவிக்கு 1929. இவற்றைத் திரையில் போடட்டும், நல்லது. ஆனால் தமிழில் பேசுபவர் எந்தெந்த நேரம் இருப்பார் என்று குழு முன்கூட்டியே கேட்டு உறுதி செய்யட்டும். இலக்கத்தைத் திரையில் போட்டதோடு கடமை முடிந்ததாக விடாதீர்கள்.

சம்மாந்துறை ஆசிரியை:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் டீச்சர்.

2020 இல் பள்ளிக்கூடம் பூட்டினபோது எங்கட வகுப்புக்கு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். பாடம் அனுப்பத் தொடங்கினது, ஒரு கிழமையில் பிள்ளைகள் தனியாக எனக்கு எழுதத் தொடங்கிட்டாங்க. ஒரு பிள்ளை தினமும் விடியற்காலைச் சுபஹ் தொழுகைக்குப் பிறகு மட்டும் எழுதும். ஏன் அந்த நேரம் என்று கேட்டேன். நானா (அண்ணன்) அப்பதான் நித்திரை, போன் சும்மா கிடக்கும் மிஸ் என்றது. எழுதினதும் அழிச்சிரும். எனக்கு வரும்போது "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று மட்டும் கிடக்கும் நாட்களும் உண்டு. அந்த வரியைப் பார்த்தால் எனக்குத் தெரியும், அவளுக்கு இன்று சுகமில்லை என்று.

நீங்கள் சொன்ன ஏழு மணி அறிவிப்பு பொம்பிளைப் பிள்ளைகளுக்கு ஆபத்து. எந்த நேரம் திறப்பது என்பதைப் பிள்ளை தெரிவு செய்ய வேண்டும். அறிவிப்பே இல்லாமல் பாவிக்கவும் வழி இருக்க வேண்டும்.

மற்றது பெற்றோர் சம்மதக் கடிதம். எங்கட பக்கம் உம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன பிள்ளைகள் நிறைய. வாப்பா இன்னொரு ஊரில். உம்மாவின் உம்மாதான் வளர்க்கிறா. அவவுக்குக் கையொப்பம் வைக்கத் தெரியும், படிவம் வாசிக்கத் தெரியாது. போன வருடம் வேறொரு திட்டத்துக்கு ஒரு பிள்ளை தானே உம்மாவின் கையொப்பத்தை வைத்துக் கொண்டு வந்து தந்தது. எதற்குக் கையொப்பம் என்று வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. குழு வீடு வீடாகப் போய் வாயால் விளங்கப்படுத்த ஆயத்தமா என்று கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கிற உம்மாவுக்கு வீடியோ கோலில் சொல்லலாம். எங்கட உம்மாமார் அதுக்குச் சம்மதிப்பாங்க. பிள்ளைக்கு மனசு சரியில்ல என்று அவங்களுக்கு அங்க இருந்தே தெரியும், குரல்ல கண்டுபிடிச்சிருவாங்க.

வந்தாறுமூலை ஆய்வாளன்:

டீச்சர், நான் இப்படியான ஆய்வுகளில் தரவு சேகரிப்பவனாக வேலை செய்தவன். உங்கள் பதினாலு வயதுப் படிவத்தைப் பற்றி வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுதாமல் இருந்தேன். நானும் அப்படிப் படிவத்தோடு போய்த் திரும்பி வராதவன்தான்.

ஆனாலும் சோதனை வேண்டும் என்ற பக்கத்தில் நிற்கிறேன். காரணம் நம்ம நாட்டிலேயே இருக்கிறது. வடக்கில் போரால் பாதிக்கப்பட்ட, 9 முதல் 12 வயது வரையான 399 பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் 15 அமர்வு உளசமூகப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2012 இல் வெளிவந்தது. நல்ல நோக்கம், நல்ல ஆட்கள். நடத்தைப் பிரச்சினைகள் குறைந்தன. ஆண் பிள்ளைகளுக்கும், அன்றாடப் போர் நெருக்கடி குறைவாக இருந்த பிள்ளைகளுக்கும் பயன் கூடுதலாக இருந்தது. ஆனால் பயிற்சி பெற்ற பெண் பிள்ளைகளின் அதிர்ச்சி அறிகுறிகள், பயிற்சிக்குக் காத்திருந்த பெண் பிள்ளைகளுக்குக் குறைந்த அளவுக்குக் கூடக் குறையவில்லை. காத்திருந்த குழு ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் இது ஒருநாளும் தெரிய வந்திராது. எல்லோருக்கும் கொஞ்சம் குறைந்தது, பயிற்சி வெற்றி என்று எழுதி முடித்திருப்பார்கள்.

ஆகவே குலுக்கலைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அது அநியாயம் போலத் தெரியும், பிள்ளைகளும் "ஏன் எனக்கு இல்லை" என்று கேட்பார்கள். ஆப் உதவுமா உபத்திரவமா என்று இன்னும் தெரியாத கட்டத்தில் அதுதான் நேர்மையான வழி. ஒன்று மட்டும் கேளுங்கள்: காத்திருக்கிற பாதியில் ஒரு பிள்ளை ஒன்பதாவது கேள்விக்குப் புள்ளடி போட்டால் அதற்கும் அதே மணித்தியாலத்தில் அழைப்புப் போக வேண்டும். உதவி காத்திருக்கக் கூடாது.

வெளியில் நடந்ததையும் பாருங்கள். கென்யாவில் பள்ளிக்கூடம் முடித்து வந்த 18 முதல் 22 வயது இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, 413 மாணவர்களோடு நான்கு வாரம் சிறு குழுக்களாகக் கதைக்க வைத்தார்கள். மனச்சோர்வும் பதற்றமும் ஒப்பீட்டுக் குழுவை விடக் கூடுதலாகக் குறைந்தன. 2021 இல் வந்தது. டெல்லியில் 6 அரச பாடசாலைகளில் 250 பேர். முறையான உளவளத்துணைக் கல்வி இல்லாத பட்டதாரிகள் பிரச்சினை தீர்க்கும் முறையை நேரில் இருந்து சொல்லிக் கொடுத்தார்கள், ஒப்பீட்டுக்கு மற்றப் பாதிக்குக் கைநூல் மட்டும். மாணவர்கள் தாங்களே "இதுதான் என் பிரச்சினை" என்று சொன்னவை நன்றாகக் குறைந்தன. கேள்வித்தாளில் அளந்த அறிகுறிகளில் வித்தியாசம் தெளிவாக வரவில்லை. எனக்கு அந்த இரண்டாவது முடிவு பிடிக்கும், உங்கள் நாலு பிள்ளைகளின் சொற்கள்தான் காரணம். "சோறு இறங்குதில்ல" என்பதை அளக்காமல் "கையறு நிலை"யை அளந்தால், பிள்ளை சுகப்பட்டாலும் எண் அசையாது.

இந்த இரண்டிலும் மனிதர் நேரில் இருந்தார் என்பதைக் கவனியுங்கள். ஆப்பை மட்டும் கொடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 2019 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மனநல ஆப்களைப் பதிவிறக்கியவர்களில் 15 நாள் கழித்தும் திறப்பவர்கள் நடுநிலைக் கணக்கில் (ஆப்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதில்) 3.9 சதவீதம். நூறு பேரில் நாலு பேர். அந்த வாராந்த 15 நிமிட அழைப்பை ஒருபோதும் வெட்ட விடாதீர்கள். காசு குறையும்போது முதலில் வெட்டப்படுவது அதுவாகத்தான் இருக்கும்.

எந்த நெறிமுறைக் குழு அனுமதி தந்தது, அதன் இலக்கம் என்ன என்று கேளுங்கள். தர வேண்டியது அவர்கள் கடமை. பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது, பிள்ளையின் சம்மதமும் தனியாக வேண்டும். இடையில் விலகினால் ஏன் என்று கேட்கக் கூடாது. முடிந்த பிறகு முடிவைத் தமிழில், பிள்ளைகளுக்கு நேரில் வந்து சொல்ல வேண்டும் என்பதை உடன்படிக்கையில் எழுதுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். திரும்பி வர வேண்டும்.

கல்லடி கோடர்:

சுருக்கமாகச் சொல்கிறேன் மிஸ், மென்பொருள் வேலை செய்கிற ஆள் என்ற முறையில்.

பூட்டிய திரையில் எழுத்துக் காட்டாமல் விடுவது ஒரு நாள் வேலை. ஆப்பின் சின்னத்தையும் பெயரையும் சாதாரணமாக வைப்பதும் அப்படித்தான். ஒரே போனைப் பலர் பாவிக்கிற வீட்டுக்கு உள்ளே நுழையத் தனி இரகசிய எண் வேண்டும், ஒரு நிமிடம் தொடாவிட்டால் தானாக வெளியேற வேண்டும். பாடங்களைப் பள்ளிக்கூட வைஃபையில் ஒருமுறை இறக்கிவிட்டால் வீட்டில் டேட்டா இல்லாமல் கேட்க முடிய வேண்டும். ஆனால் சிவப்புக் கட்டம் மட்டும் டேட்டா இல்லாவிட்டாலும் வேலை செய்ய வேண்டும். இணையம் இல்லை என்றால் எஸ்எம்எஸ் ஆகப் போகச் செய்யலாம். பட்டன் போன் பிள்ளைகள் ஐந்து பேருக்கும் அதே வழியைத் திறந்து வைக்கலாம்.

தரவு எங்கே தங்குகிறது, யார் திறக்க முடியும், எப்போது அழிப்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். பின்லாந்தில் வஸ்தாமோ என்ற உளச்சிகிச்சை நிறுவனத்தின் பதிவுகள் திருடப்பட்டு, 2020 இல் நோயாளிகளுக்கே காசு கேட்டு மிரட்டல் மின்னஞ்சல் போனது. ஒரு மனிதர் தன் வைத்தியரிடம் சொன்ன வார்த்தைகளை வைத்து மிரட்டினார்கள். நம்ம நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சுகாதாரத் தரவையும் பிள்ளைகளின் தரவையும் விசேட வகையாக வைத்திருக்கிறது. பெயரும் பதிலும் ஒரே அட்டவணையில் இருக்கக் கூடாது. ஊர் சின்னது மிஸ். "தரம் 10, பெண், தாய் வெளிநாட்டில், இந்தப் பாடசாலை" என்று எழுதினாலே யார் என்று தெரிந்துவிடும்.

வேணுமெண்டா நான் அந்த ஆப்பை ஒரு பின்னேரம் இலவசமாகப் பார்த்துச் சொல்கிறேன்.

குளக்கட்டுப் பிள்ளை:

மிஸ், நான் உங்கட பக்கம்தான். பேர் சொல்லேல்ல. ஏ/எல் முடிச்சிட்டன்.

எல்லாரும் ஊர்ல ஒரு ஆள் வேணும் எண்டு சொல்லுறீங்க. நான் மறுத்துச் சொல்ல வந்த.

நான் தரம் 11 படிக்கக்குள்ள எங்கட வீட்டுல கடன். ஒவ்வொரு கிழமையும் கடன் காசு கேட்டு ஆள் வரும். அம்மா பின் கதவால போய் பக்கத்து வளவுக்குள்ள நிப்பா. அம்மா இல்லை எண்டு நான்தான் சொல்லணும். எனக்கு நெஞ்சு படபடக்கும், படிக்க ஏலாது. ஒருநாள் ஒரு டீச்சரிட்டச் சொன்னன். நம்பித்தான் சொன்ன. மூணாம் நாள் கோயில் சடங்குல வேற ஒரு ஆள் அம்மாட்டக் கேட்டிச்சு, கடன் எவ்வளவு எண்டு. அம்மா வீட்டை வந்து என்னோட கதைக்கல்ல. ஒரு கிழமை. மறுகா நான் ஒருத்தரிட்டயும் ஒண்டும் சொல்லல்ல.

ரெண்டு வருசம் கழிச்சு ஏ/எல் படிக்கக்குள்ள எழுத்துல கதைக்கிற ஒரு சேவை கிடைச்சது. மற்றப் பக்கம் ஒரு அக்கா. எந்த ஊர் எண்டு தெரியாது. நான் குளக்கட்டுல இருந்துதான் எழுதுவன். வட்டை (வயல்வெளி) எண்டா என்ன எண்டு அவ கேட்டா. வெட்டு மெசின் வாற நாள் ஏன் அப்பாவுக்குக் கோவம் வருது எண்டு கேட்டா. நான் எல்லாத்தையும் முதல்ல இருந்து விளங்கப்படுத்தினன். தெரியாத ஒராளுக்குச் சொல்லச் சொல்ல எனக்கே அது ஒரு ஒழுங்குக்கு வந்தது. அதுவரைக்கும் ஒரு பெரிய கறுப்பா இருந்தது, பிறகு கடன் வேற, அப்பா வேற, சோதின வேற எண்டு தெரிஞ்சிச்சு.

அந்த அக்கா எங்கட ஊர் ஆளா இருந்தா நான் ஒரு வரி கூட எழுதியிருக்க மாட்டன். அதனால மிஸ், ஆப் வேணாம் எண்டு மட்டும் சொல்லிராதீங்க. சிவப்புக் கட்டம் வந்தா உடன டீச்சருக்குப் போகும் எண்டு பிள்ளைகளுக்குத் தெரிஞ்சா, ஒருத்தரும் உண்மையா புள்ளடி போட மாட்டாங்க. நீங்க பதினாலு வயசுல போட்ட மாதிரித்தான் போடுவாங்க.

படுவான்கரை டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு கிழமையாகப் பதில் போடாமல் இருந்ததற்கு மன்னிக்க வேண்டும், தவணைப் பரீட்சை.

குளக்கட்டுப் பிள்ளைக்கு முதலில். மகள், உங்கட பதிவை நான் பாதையில் வரும்போது வாசித்தேன். கரை வந்ததும் தெரியவில்லை, பாதைக்காரர்தான் கூப்பிட்டார். அந்த டீச்சர் செய்ததற்கு ஒரு டீச்சராக நான் வெட்கப்படுகிறேன். நீங்கள் சொன்னது என் மனதில் இருந்த திட்டத்தையே மாற்றிவிட்டது. நான் குழுவிடம் கேட்க இருந்த முதல் நிபந்தனை, சிவப்புக் கட்டம் வந்தால் எனக்கு உடனே செய்தி வர வேண்டும் என்பது. அதைக் கேட்கவில்லை.

அதற்குப் பதிலாக இப்படிக் கேட்டேன். ஆப்பில் சேரும் அன்றே பிள்ளை இரண்டு பெயர் எழுதட்டும். தனக்கு மோசமான ஒரு இரவு வந்தால் தெரிய வேண்டிய பெரியவர் யார் என்று. டீச்சராக இருக்கலாம், மாமியாக இருக்கலாம், கோயில் ஐயராக, சேர்ச் சிஸ்டராக, மிட்வைஃபாக இருக்கலாம். சிவப்புக் கட்டம் வந்தால் முதலில் முகம் தெரியாத ஆள் அதே மணித்தியாலத்தில் அழைக்கட்டும், அவர் பிள்ளையிடம் சொல்லிவிட்டு அந்தப் பெயருக்குப் பேசட்டும். உயிருக்கு ஆபத்து என்றால் கேட்காமலும் சொல்வோம் என்பதை முதல் நாளே பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். இதை மறைத்துவிட்டுப் பிறகு செய்தால் அது காட்டிக்கொடுப்பு.

வெள்ளைத் தொப்பி அக்கா சொன்ன இரவு, போயா நாள் அட்டவணையையும், ஆய்வாளர் தம்பி சொன்ன "திரும்பி வந்து சொல்வோம்" என்ற வரியையும், சம்மாந்துறை டீச்சர் சொன்ன வீட்டுக்குப் போய் வாயால் விளங்கப்படுத்துவதையும் எழுதிக் கொடுத்தேன். கல்லடித் தம்பி சொன்னவற்றில் திரை அறிவிப்பைக் குழு அடுத்த நாளே மாற்றிவிட்டது. இரண்டு பெயர் யோசனையையும் ஏற்றுக்கொண்டார்கள், நெறிமுறைக் குழுவுக்குத் திருத்தம் அனுப்ப வேண்டும் என்று ஒரு மாதம் கேட்டிருக்கிறார்கள். நெறிமுறை அனுமதி இலக்கம் கையில் இருக்கிறது. இரவு அட்டவணைக்கும் வீடு போவதற்கும் "செலவு பார்க்க வேண்டும்" என்று மட்டும் பதில். அந்த இரண்டும் வரும் வரை நான் கையொப்பம் வைக்கப் போவதில்லை என்று அதிபரிடம் சொல்லிவிட்டேன். அவர் சரி என்றார்.

இதற்கிடையில் அந்த நாலு பிள்ளைகளும் அந்தக் கேள்விகளைத் தங்கள் தமிழில் எழுதிப் பார்த்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே, பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில். அளவுகோலின் சொல்லை நாமாக மாற்றக்கூடாது, மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் மாற்றச் சொல்லி அனுப்பவில்லை. பிள்ளைகளின் வரியை விளக்கமாகக் குரலில் சேர்க்க முடியுமா என்றுதான் கேட்டிருக்கிறேன். இரண்டாவது கேள்விக்கு அவர்கள் எழுதியது: "நெஞ்சு பாரமாக, இனி ஒண்டும் சரிவராது எண்டு எத்தனை நாள் இருந்தது?" ஒன்பதாவதை மட்டும் தொடவில்லை. அது அப்படியே விளங்குது மிஸ் என்றார்கள்.

நானும் அலுமாரி இரண்டையும் நகர்த்தச் சொல்லிவிட்டேன். விளையாட்டுச் சாமான் அறையில் பாதியைத் தருவதாக அதிபர் சொல்லியிருக்கிறார். அதற்குக் கதவு இருக்கிறது. ஆப் வந்தால் பட்டன் போன் வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேரும் பள்ளிக்கூட டெப்லெட்டில் அங்கே இருந்து கேட்கலாம், வராவிட்டாலும் அங்கே இருந்து கதைக்கலாம்.

வெள்ளைத் தொப்பி அக்கா, உங்கள் கிளினிக் எந்தக் கிழமை, பரிந்துரைக் கடிதம் யார் பெயருக்கு எழுத வேண்டும் என்று தனிச் செய்தியில் அனுப்புவீர்களா? எங்களுக்குக் கிட்ட உள்ள வைத்தியசாலையிலும் நேரில் போய்க் கேட்கப் போகிறேன். வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டிருக்கிறேன்.